இலங்காபுரித் தண்டநாயகன் தோற்காதிருந்தால் திருநெல்வேலிச் சீமை யார் கையில் இருந்திருக்கும்?

பாளையங்கோட்டை வாசகர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கடல்வலிமை கொண்ட தீவு அரசொன்று தன் பக்கத்துக் கண்டத்தை ஆள முயன்றால் என்ன ஆகும் என்ற மாற்று வரலாற்றுப் பேச்சு வரும்போதெல்லாம் இங்கிலாந்தையும் ஜப்பானையும் மட்டுமே எடுத்துக்காட்டுகிறார்கள். மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையிலிருந்து நம் நாட்டின் மீதே அப்படியொரு முயற்சி நடந்ததை நம்மவர்கள் பேசாமல் விட்டுவிடுவது எனக்கு நெடுநாள் மனக்குறை.

இலங்கையின் அன்றைய தலைநகர் பொலன்னறுவையில் 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, 1165-ஐ ஒட்டிப் பர்மாக் கரைக்கே கப்பற்படை அனுப்பியவர். அதற்குச் சில ஆண்டுகளுக்குள் மதுரையில் பராக்கிரம பாண்டியனைக் குலசேகர பாண்டியன் முற்றுகையிட்டபோது, முற்றுகைக்குள் இருந்தவன் இலங்கையின் உதவியைக் கேட்டான். படை கடல் கடப்பதற்குள் மதுரை விழுந்தது. பராக்கிரம பாண்டியனும் அவன் மனைவி மக்களும் கொல்லப்பட்டார்கள். ஆயினும் இலங்கை மன்னர் படையைத் திருப்பி அழைக்கவில்லை. அவருடைய படைத்தலைவன் இலங்காபுரித் தண்டநாயகன் இராமேசுவரத்தைப் பிடித்து, குந்துகாலில் கோட்டை கட்டி, அதற்குப் பராக்கிரமபுரம் என்று தன் அரசர் பெயரையே இட்டான். பிறகு உள்நாட்டுக்குள் நுழைந்து, கொலைக்குத் தப்பிய இளைய மகன் வீரபாண்டியனை மதுரையில் அரியணை ஏற்றினான். பாண்டிய நாட்டில் பராக்கிரமபாகுவின் பெயர் பொறித்த காசு வழங்கியது என்றுகூட இலங்கையின் பழைய வரலாற்று நூலாகிய சூளவம்சம் சொல்கிறது. இரண்டாம் இராசாதிராச சோழனின் படைத்தலைவன் பல்லவராயன் குறுக்கிட்ட பிறகே நிலைமை மாறியது.

என் கேள்வி இதுதான். அன்று சோழர் தலையிடாமல் இருந்திருந்தாலோ, தலையிட்டுத் தோற்றிருந்தாலோ, பாண்டிய நாடு, குறிப்பாகப் பொருநை என்ற தாமிரபரணிக் கரையாகிய நம் சீமை, பொலன்னறுவையின் ஆட்சியில் நிலைத்திருக்குமா? எத்தனை காலத்துக்கு? சிங்களர், தமிழர் என்ற இன்றைய சண்டையை இதற்குள் கொண்டுவர வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். 12-ஆம் நூற்றாண்டு அரசர்கள் அந்தக் கோட்டின்படி அணிசேரவில்லை.

சேரன்மகாதேவி ஆசிரியர்:

நல்ல கேள்வி, தம்பி. விடை சொல்லும் முன், எதை நடந்ததாகக் கொள்ளலாம் என்பதைப் பிரித்துவிட வேண்டும், ஏனென்றால் இந்தப் போருக்கு இரண்டு முடிவுகள் எழுதப்பட்டுள்ளன. இலங்காபுரன் வென்று திரும்பினான், அந்த வெற்றியின் நினைவாகப் பாண்டுவிசயம் என்ற ஊரை மன்னர் ஏற்படுத்தினார் என்று சூளவம்சம் கதையை முடித்துவிடுகிறது. பல்லவராயன்பேட்டைச் சோழர் கல்வெட்டோ, இலங்காபுரித் தண்டநாயகனும் சகத்விசயத் தண்டநாயகனும் கொல்லப்பட்டு, அவர்கள் தலைகள் மதுரை வாயிலில் ஆணியடித்து வைக்கப்பட்டன என்கிறது. பிற்பாடு குலசேகரன் சோழரைக் கைவிட்டு இலங்கையோடு கைகோத்தபோது அந்தத் தலைகளை வாயிலிலிருந்து அகற்றினான் என்ற செய்தி திருவாலங்காட்டுக் கல்வெட்டில் வருகிறது. அகற்றியதைக் குற்றமாகக் குறித்திருப்பதால், தலைகள் அங்கே இருந்தன என்றே நான் கொள்கிறேன். வந்த படையின் வேகம் எவ்வளவு அச்சம் தந்தது என்பதற்குக் காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டே போதும். இராமேசுவரத்தில் பூசை நிறுத்திய படை இங்கும் வந்துவிடுமோ என்று கலங்கிய எதிரிலிசோழச் சம்புவராயன் வேண்ட, உமாபதிதேவர் என்ற ஞானசிவதேவர் 28 நாள் பூசை செய்தார் என்றும், அதற்காக அந்த ஊரே அவருக்குக் கொடுக்கப்பட்டது என்றும் அது கூறுகிறது. மதுரையில் நடந்த போருக்குக் காஞ்சியில் பூசை நடந்திருக்கிறது.

இனி கேள்விக்கு வருகிறேன். சோழர் தலையீட்டைத் திருப்புமுனையாக எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உண்மையான திருப்புமுனை அதற்கு முன்னால், பராக்கிரமபாகு எடுத்த ஒரு முடிவில் இருக்கிறது. முதலாம் விசயபாகுவின் தங்கை மித்தாவை மணந்தவன் ஒரு பாண்டிய இளவரசன். அவர்கள் மகன் மானாபரணன். மானாபரணன் மகனே பராக்கிரமபாகு. ஆகவே ஆண்வழியில் அவர் ஒரு பாண்டியனின் பேரன். பிரான்சின் அரியணைக்கு உரிமை கோரி 1340-இல் அந்நாட்டு அரசன் என்ற பட்டத்தையே சூடிக்கொண்ட இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டுக்கு இருந்தது தாய்வழி உறவு மட்டுமே. அந்த உரிமையை வைத்துக்கொண்டு நூறாண்டுக்கு மேல் போர் நடந்தது. அதைவிட வலுவான உரிமையைக் கையில் வைத்திருந்த இலங்கை மன்னர் அதைப் பயன்படுத்தாமல், யாரோ ஒரு பாண்டிய வாரிசைத் தேடி முடிசூட்டிவிட்டுத் திரும்பும்படி தண்டநாயகனுக்கு ஆணையிட்டார்.

ஏன் என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். முடியே அவரிடம் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம். 10-ஆம் நூற்றாண்டில் சோழருக்குத் தோற்றோடிய இராசசிம்ம பாண்டியன் தன் குலத்து முடியையும் இந்திரன் ஆரத்தையும் இலங்கையில் அடைக்கலமாக வைத்தான். நூறாண்டுக் காலம் அவை அங்கேயே இருந்தன. கடைசியில் இராசேந்திர சோழன் ஈழத்தை வென்று அவற்றை எடுத்துச் சென்றான். அந்த முடி இலங்கையிலேயே தங்கி, பேரன் என்ற உரிமையோடு பராக்கிரமபாகு அதைச் சூடி மதுரைக்கு வந்திருந்தால், நாட்டார்கள் அவரை வந்தேறியாகப் பார்த்திருக்க மாட்டார்கள். பங்காளிச் சண்டையில் வென்ற இன்னொரு பாண்டியனாகவே பார்த்திருப்பார்கள். நான் தேர்ந்தெடுக்கும் மாற்று வரலாறு இதுவே.

புன்னைக்காயல் தோணிக்காரர்:

ஆசிரியர் ஐயா எழுதியதை மிகுந்த மதிப்போடு படித்தேன். ஆனால் முடியைப் பற்றிப் பேசும்போது கடலை மறந்துவிடுகிறோம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். அதைக் கடப்பது பெரிய காரியம் இல்லை. ஆண்டு முழுவதும் கடந்துகொண்டே இருப்பதுதான் பெரிய காரியம்.

பாம்பன் தீவின் வடக்கே உள்ளதைப் பெண்கடல் என்றும் தெற்கே உள்ளதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். கச்சான் காற்று ஓங்கும் ஆனி, ஆடி மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்கும். வாடை வீசும் ஐப்பசி, கார்த்திகையில் வடக்குக் கடல் முரண்டு பிடிக்கும். குந்துகால் இருப்பது தென்கரையில். விவேகானந்தர் 1897-இல் வந்து இறங்கிய அதே இடம் அது. அங்கே கோட்டை கட்டியவனுக்கு இந்த நீர் தெரிந்திருந்தது என்பதை ஒரு கடற்கரைக்காரனாகச் சொல்கிறேன். ஆனால் அந்தக் கோட்டையிலிருந்து மதுரை, அங்கிருந்து பொன்னமராவதி என்று படை உள்ளே போகப் போக, ஒவ்வொரு மூட்டை அரிசியும் ஒவ்வொரு யானைக்கான தீவனமும் உள்ளூரில் பறித்ததாகவோ அக்கரையிலிருந்து வந்ததாகவோ இருந்தாக வேண்டும். 1592-இல் ஜப்பானின் இதெயோசி கொரியாவுக்கு அனுப்பிய படை பூசானில் இறங்கி மூன்று வாரத்துக்குள் தலைநகரை, அதாவது இன்றைய சியோலை, பிடித்தது. ஆனால் கொரியக் கடற்படைத் தலைவர் யி சுன்-சின் கடல்வழியை அடைத்ததும் அந்தப் படை பசியில் வாடியது; 1598-இல் எல்லாவற்றையும் விட்டு ஊர் திரும்பியது. சோழரும் அப்படிக் கடல்வழியில்தான் கைவைத்தார்கள். இலங்கையின் வடபகுதியிலுள்ள ஊராத்துறையிலும் மாதோட்டத்திலும் வலிகாமத்திலும் இலங்கை மன்னர் கப்பல் கட்டிப் படை திரட்டுகிறார் என்று அறிந்ததும், அவர் மருமகனும் இலங்கை அரசுரிமை கோரியவனுமாகிய சீவல்லவனுக்குப் படை கொடுத்து அந்தத் துறைகளுக்கே அனுப்பினார்கள் என்று ஆசிரியர் காட்டிய திருவாலங்காட்டுக் கல்வெட்டே கூறுகிறது. மதுரைப் போரின் முடிவு ஊராத்துறையில் எழுதப்பட்டது என்பேன்.

எனவே என் மாற்று வரலாறு சிறியது. இலங்காபுரன் மதுரைக்குப் போகவே கூடாது. குந்துகாலைப் பலப்படுத்திக்கொண்டு, அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே வந்து, கொற்கையையும் காயலையும் பிடித்து உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கிலாந்து பிரான்சில் வென்ற நாடெல்லாம் 1453-க்குள் கைநழுவிய பிறகும், கலே என்ற ஒற்றைத் துறைமுகம் மட்டும் 1347 முதல் 1558 வரை, 211 ஆண்டுகள், அதன் கையில் இருந்தது. எப்படி? ஏற்றுமதியாகும் ஆட்டு உரோமம் அந்தத் துறை வழியாகவே போக வேண்டும் என்று விதித்து, அந்த வருவாயில் காவற்படைக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நம் கரையில் அந்த உரோமத்தின் இடத்தில் முத்து இருந்தது. முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுகளாகிய முத்துப் பார்கள் வளைகுடாவின் இரு பக்கமும் உள்ளன: இந்தப் பக்கம் தூத்துக்குடியை ஒட்டிய பார்கள், அந்தப் பக்கம் மன்னாரை ஒட்டிய பார்கள். இரண்டு பக்கத்துச் சலாபமும் (முத்துக்குளிப்பும்) ஒரே அரசன் கையில் இருந்தால் அரபு நாட்டு வணிகன் விலை கேட்க வேறு இடம் கிடையாது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, குளிக்கும் முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், சுறாவை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கும் போனதாக எழுதியிருக்கிறார். அந்தப் பத்தில் ஒரு பங்கு ஒரு கோட்டைக்கும் சில நூறு வீரர்களுக்கும் தாராளமாகப் போதும்.

பராக்கிரமபாகுவுக்குப் பின் வந்த நிசங்கமல்லன் (1187–1196) பாண்டிய நாட்டை வென்றதாகப் பெருமை பேசினாலும், அவன் விட்டுச் சென்ற அடையாளம் இராமேசுவரத்துக் கல்வெட்டும், அங்கே நிசங்கேசுவரம் என்ற கோயிலைக் கட்டிய செய்தியும்தான். தீவின் கை இயல்பாக எட்டும் தூரம் அவ்வளவே.

அம்பை விவசாயி:

இருவரும் எழுதியதில் வயல் வரவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

புன்னைக்காயல் அண்ணாச்சி சொல்வதுபோல் கரையை மட்டும் பிடித்தால் கோட்டை நிற்கும், ஆனால் அதைக் கண்டத்தின் மீதான ஆட்சி என்று சொல்ல முடியாது. திருநெல்வேலிச் சீமையை ஆள்வது என்றால் பொருநையின் அணைகளை ஆள்வது. கோடைமேலழகியானிலிருந்து மருதூர் வரை ஏழு பழைய அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரியும் கால்கள், கால்களின் கடைசியில் குளங்கள். எந்தக் காலுக்கு எப்போது எவ்வளவு நீர் என்பது அரசன் ஓலை அனுப்பித் தீர்க்கும் காரியம் இல்லை. ஊர்களும் சபைகளும் கூடித் தீர்ப்பது. கார் அறுவடைக்கும் பிசான நடவுக்கும் இடையே உள்ள சில வாரங்களில் நீர்முறை தவறினால் அந்த ஆண்டு வரி கிடையாது. இது இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் உள்ளவர்களுக்குத் தெரியும்.

இதனால்தான் எனக்குப் பராக்கிரமபாகு மீது தனி மதிப்பு உண்டு. வானிலிருந்து விழும் ஒரு துளி நீரும் மனிதனுக்குப் பயன்படாமல் கடலில் சேரக்கூடாது என்று சொன்னதாக அறியப்படும் அரசர் அவர். 163 பெரிய குளங்களையும் 2,376 சிறு குளங்களையும் கட்டியும் திருத்தியும் கொடுத்தார் என்று கணக்கிடுகிறார்கள். பொலன்னறுவையில் கடல்போல் கிடக்கும் பராக்கிரம சமுத்திரம் அவர் பெயரைத்தான் தாங்குகிறது. நம் ஆற்றுக்கும் அவர் தீவுக்கும் பழங்காலத்தில் ஒரே பெயர். தாமிரபரணி இங்கே ஆறு, அங்கே நாடு. குளத்தையும் மடையையும் புரிந்துகொண்ட ஒரு மன்னர் இங்கே வந்திருந்தால், ஊர்ச்சபைகளோடு பேசி நிலைத்திருக்கும் வாய்ப்பு வேறு எந்தப் படையெடுப்பாளனையும்விட அவருக்கு அதிகம்.

ஆனால் வந்தவர் அவரில்லை, தண்டநாயகன். அவன் பிடித்த தமிழர்கள் அக்கரைக்கு அனுப்பப்பட்டு, தூபிகள் கட்டும் வேலையில் அமர்த்தப்பட்டார்கள். பொலன்னறுவையில் 'தெமள மகா சேய' என்று இன்றும் அழைக்கப்படும் மண்மேடு, பாண்டிய நாட்டுக் கைதிகள் எழுப்பியதால் அந்தப் பெயர் பெற்றது. கோடரியும் மண்வெட்டியும் பிடிக்கும் கைகளைக் கப்பலேற்றிவிட்டால் இங்கே கால் வெட்டுவது யார், கரை அடைப்பது யார்? குலசேகரனுக்குக் கொங்குப் படையோடு திருநெல்வேலிப் படையும் துணை நின்றதாகச் சூளவம்சமே சொல்கிறது. நம் சீமை அந்தப் போரில் எந்தப் பக்கம் நின்றது என்பதை இந்த ஒரு வரி காட்டிவிடுகிறது. ஆண்வழிப் பேரன் என்ற உரிமையை எடுத்துச் சொல்லாமல், ஆளைப் பிடித்துச் செல்லும் படையாக வந்தவர்களுக்கு ஊர்கள் மடையைத் திறந்து வைத்திருக்குமா?

பாளையங்கோட்டை வாசகர்:

மூவருக்கும் நன்றி. என் கேள்வியை நான் தவறான இடத்தில் தொடங்கியிருக்கிறேன் என்பது தெளிவாகிறது. ஆனால் ஆசிரியர் ஐயாவிடம் ஓர் ஐயம் உண்டு. பராக்கிரமபாகு தாமே பாண்டியனாக மதுரையில் அமர்ந்திருந்தால், பொலன்னறுவை என்ன ஆகியிருக்கும்? இரண்டு அரியணைகளில் ஒருவர் அமர முடியாதே. மேலும் இலங்கை மன்னரின் படையில் வேளைக்காரர் என்ற தமிழ்க் கூலிப்படையினர் இருந்தார்கள். முதலாம் விசயபாகு சோழர் மீது படை அனுப்ப முனைந்தபோது, போக மறுத்துக் கலகம் செய்து அரண்மனைக்கே தீ வைத்தவர்கள் அவர்கள். அந்த நினைவு பராக்கிரமபாகுவுக்கு இல்லாமல் இருந்திருக்காது.

சேரன்மகாதேவி ஆசிரியர்:

நியாயமான ஐயம். வேளைக்காரரை நான் கணக்கில் எடுக்காமல் விட்டது பிழை. ஆயினும் அதே வேளைக்காரர் பொலன்னறுவையில் புத்தரின் பல்லை வைத்திருந்த தந்ததாதுக் கோயிலைக் காப்பதாக உறுதியளித்துத் தமிழில் கல்வெட்டு வைத்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர்கள் மறுத்தது சோழர் மீது போவதை. பாண்டிய இரத்தம் கொண்ட அரசர் பாண்டிய நாட்டுக்கு உரிமை கோரிப் போவதையும் மறுத்திருப்பார்களா என்பது திறந்த கேள்வி.

இரண்டு அரியணை பற்றிய ஐயத்துக்கு என் விடை: அவர் வென்றிருந்தால் தோற்றிருப்பது பொலன்னறுவைதான். மதுரை வளம் மிகுந்தது, வணிகப் பாதைகளின் நடுவில் உள்ளது. அரசவை ஒரு தலைமுறைக்குள் இக்கரைக்கு வந்திருக்கும், தீவு ஓர் இளவரசனின் ஆளுகைக்குப் போயிருக்கும். நடந்த வரலாற்றில் அதற்கு நேர்மாறான திசையில் அதே முடிவு வந்தது. 1216-ஐ ஒட்டிச் சுந்தர பாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்துப் பாண்டியப் பேரரசுக்கு வழி திறந்தான். 1284-ஐ ஒட்டிப் பாண்டியரின் படைத்தலைவன் ஆரியச்சக்கரவர்த்தி, அன்றைய இலங்கைத் தலைநகர் யாப்பகூவாவிலிருந்து தந்ததாதுவை எடுத்துவந்து மாறவர்மன் குலசேகர பாண்டியனிடம் ஒப்படைத்தான். அதைத் திரும்பப் பெற இலங்கை மன்னர் மூன்றாம் பராக்கிரமபாகு பாண்டியன் அவைக்கே வர வேண்டியிருந்தது. நூறாண்டு முன்பு இராமேசுவரத்துக்குப் படை அனுப்பியவரின் பெயரையே தாங்கிய மன்னர் அவர்.

அம்பை விவசாயி நண்பர் சொன்ன மடையின் கதைக்கு ஒரு சேர்க்கை. எங்கள் ஊருக்குச் சோழர் இட்ட பெயர் நிகரிலிச் சோழச் சதுர்வேதிமங்கலம்; இந்தச் சீமைக்கு அவர்கள் இட்ட பெயர் முடிகொண்ட சோழ வளநாடு. இராசேந்திரன் தன் மகனுக்குச் சோழபாண்டியன் என்ற பட்டம் சூட்டி இங்கே அமர்த்தினான். அந்தச் சோழபாண்டியர் ஆட்சியாண்டு எழுதிய கற்கள் மன்னார்கோயிலிலும் எங்கள் ஊரிலும் இருக்கின்றன. படை எத்தனை நாள் நின்றது என்பதைக்கொண்டு நான் ஆட்சியை அளப்பதில்லை. நெல் அளந்து கொடுக்கும் ஊர்ச்சபை, தன் விளக்குத் தானத்தைக் கல்லில் வெட்டும்போது எந்த அரசனின் யாண்டைச் சொல்லித் தொடங்குகிறது என்பதே என் அளவுகோல். உங்கள் மாற்று வரலாற்றை யாராவது விரித்து எழுதினால், மதுரைப் போரில் தொடங்க வேண்டாம். நெல்லையப்பர் கோயில் சுவரில் 'பராக்கிரமபாகு தேவர்க்கு யாண்டு' என்று முதல் வரியை வெட்டும்படி சபையார் ஒரு கல்தச்சரிடம் சொல்லும் அந்த நாளில் தொடங்கட்டும். அந்த நாளுக்கு முந்திய வாரம் சபையார் எதை விட்டுக்கொடுத்தார்கள், எதைப் பெற்றுக்கொண்டார்கள் என்பதை அவர் கண்டுபிடித்து எழுத வேண்டும்.